வெள்ளை வைனா, கெலவல்லாவா?

வெள்ளவத்தையில் கல்யாண வரவேற்பு, நத்தார், லண்டன் உறவினர் வந்த இராச்சாப்பாடு என்றால் இப்போது மேசைக்கு வெள்ளை வைனும் வந்துவிடுகிறது. அரைக் கிளாசிலேயே ஒருவருக்கு முகம் சிவந்து மூக்கடைத்தால், "குடிச்சுப் பழக்கமில்லை, அதுதான்" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். உடம்பு மறுப்பதைப் பழக்கத்தால் வெல்ல முடியாது.

இழுப்பு வந்தால்

நெஞ்சு இறுகி இழுத்தால் முதலில் சல்பைட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். வைன் கெடாமலிருக்கச் சேர்ப்பது இது. இனிப்பில்லாத சிவப்பு வைனுக்கு லீற்றருக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதிக்கும் ஐரோப்பிய ஒன்றியம், வெள்ளைக்கு 200 வரை அனுமதிக்கிறது. இனிப்பு வைனில் இன்னும் கூடும். "சேர்க்கப்படவில்லை" என்று எழுதிய போத்தலிலும் புளிக்கும்போதே சிறிதளவு உண்டாகிவிடும். ஆஸ்மா உள்ளவர்களையே இது அதிகம் தாக்கும். காய்ந்த அப்ரிகொட், பதப்படுத்திய இறால் சாப்பிட்டபோதும் இழுத்ததா என்று யோசித்துப் பாருங்கள். பொதிகளில் E220 முதல் E228 வரையான எண்கள் இதையே குறிக்கும்.

தட்டில் இருந்த மீன்

தலையிடி, கடி, படபடப்பு என்றால் ஹிஸ்டமின் என்ற இரசாயனமாக இருக்கலாம். வெள்ளையைவிடச் சிவப்பு வைனில்தான் அது பொதுவாக அதிகம். ஆனால் வெள்ளை வைனுடன் பொரித்த கெலவல்லாவும் சாப்பிட்டிருந்தால்? ஐஸ் இல்லாமல் கிடந்த, கெலவல்லா போன்ற சூரை இன மீன்களில் ஹிஸ்டமின் பெருகும். மணத்தில் தெரியாது, பொரித்தாலும் போகாது. மதுவோ அதை உடைக்கும் நொதியின் வேலையைக் குறைக்கிறது.

இதை இலங்கை வைத்தியர்கள் வேறொரு வழியில் கண்டார்கள். காசநோய்க்கு ஐசோனியசிட் எடுத்தவர்களுக்குச் சில மீன்களைச் சாப்பிட்டதும் முகம் சிவந்து தலையிடித்தது. சி. ஜி. ஊரகொடவும் எஸ். ஆர். கொட்டேகொடவும் 1977இல் அதை எழுதினார்கள்: ஹிஸ்டமினை உடைக்கும் நொதியை அந்தக் குளிசை தடுத்துவிடுகிறது. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத மீன் அவர்களைப் படுக்கவைக்கலாம். காசநோய்க் குளிசை எடுப்பவர் வீட்டில் இருந்தால் இதை அவசியம் சொல்லிவையுங்கள்.

மீன் சாப்பிட்ட பலருக்கும் ஒரே நேரத்தில் முகம் சிவந்தால் பெரும்பாலும் மீன்தான். வைன் குடித்த ஒருவருக்கு மட்டும், அதுவும் ஒவ்வொரு தடவையும் வந்தால் வைனைப் பாருங்கள்.

என்ன செய்வது?

குடித்தது, சாப்பிட்டது, எடுத்த மருந்து, எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது என்று குறித்துக்கொண்டு வைத்தியரிடம் காட்டுங்கள். தோல் பரிசோதனையில் சல்பைட் பிரச்சினை பெரும்பாலும் பிடிபடாது. அந்தக் குறிப்புத்தான் உதவும். இழுப்பு வந்தவர்கள் வீட்டில் மறுபடி குடித்துச் சோதிக்கவே கூடாது. ஒவ்வாமைக் குளிசை போட்டுக்கொண்டு குடிப்பதும் வேண்டாம், மயக்கம் கூடும். சந்தையில் கெலவல்லா வாங்கினால் ஐசில் இருந்ததையே கேட்டு வாங்கி, நேரே வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். வருபவர்களிடம் வைனை மட்டுமல்ல, மீனையும் குளிசையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.