உங்களுக்குத் தெரியுமா? – முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்

காலையில் பேப்பர் வந்ததும் எங்கள் வீட்டில் அப்பா முதல் பக்கத்தை எடுத்துக்கொள்வார், நான் கடைசிப் பக்கத்தை. அவருக்குப் போர்ச் செய்தி, எனக்கு ஸ்கோர். அப்பா போன பிறகு இரண்டையும் நானே படிக்கிறேன். படிக்கப் படிக்க, இரண்டு பக்கத்திலும் இருப்பது ஒரே பிள்ளைகள்தான் என்று தெரிகிறது. இருபது இருபத்தைந்து வயது, உரமேறிய உடம்பு, யாரோ ஒரு தாய் ஊட்டி வளர்த்தது. அந்த நினைப்போடு சேர்த்து வைத்த துணுக்குகள் இவை.

◆ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடவேண்டும் என்று பிரிட்டனுக்கு உறைக்கவைத்தது ஒரு போர், தெரியுமா? 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. மான்செஸ்டரில் பட்டாளத்தில் சேர வந்து நின்றவர்கள் சுமார் 11,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 8,000 பேரை, உடம்பில் தெம்பில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். உலகையே கட்டியாண்ட நாட்டின் ஆலைத் தெருக்களில் பிறந்த பையன்கள் அரைவயிற்றோடு வளர்ந்திருந்தார்கள். அரசு பதறிப்போய் ஒரு குழு போட்டது. 1904இல் அறிக்கை வந்தது, 1906இல் பள்ளி உணவுக்குச் சட்டம் வந்தது, மறு வருடம் பள்ளியில் மருத்துவப் பரிசோதனையும் வந்தது. அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1946இல் அதிபர் ட்ரூமன் கையெழுத்துப் போட்ட பள்ளி மதிய உணவுச் சட்டம், இது தேசப் பாதுகாப்புக்கான நடவடிக்கை என்றே தொடங்குகிறது.

சென்னையில் எப்படி? 1920இல் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதைத் தவிர வேறு எந்தக் காரணமும் அதற்குத் தேவைப்படவில்லை. பிள்ளையின் பசியைப் பார்க்கப் போர் வரும்வரை காத்திராத ஊர் என்று எனக்கு அதில் பெருமை உண்டு.

◆ இப்போது நகரமெங்கும் வகுப்பு நடக்கிறதே, பிலாட்டிஸ் உடற்பயிற்சி? அதற்குப் பெயர் தந்த ஜோசப் பிலாட்டிஸ் ஒரு ஜெர்மானியர். முதல் உலகப் போர் தொடங்கியபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து, ஐல் ஆஃப் மேன் தீவிலிருந்த நாக்கலோ முகாமில் அடைத்தார்கள். அந்த முள்வேலிக்குள் சக கைதிகளுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைத்தான் பின்னாளில் அவர் நியூயார்க்கில் வளர்த்தெடுத்தார்.

◆ ‘ஏரோபிக்ஸ்’ என்ற சொல்லை ஊரெல்லாம் பரப்பியவரும் ராணுவத்தோடு சம்பந்தப்பட்டவர்தான். கென்னத் கூப்பர், அமெரிக்க விமானப்படை மருத்துவர். அந்தப் பெயரிலேயே அவர் எழுதிய புத்தகம் 1968இல் வந்தது. 12 நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்று பார்த்து அவருடைய உடல்தகுதியைச் சொல்லும் சோதனை அவருடையது. 1970 உலகக்கோப்பைக்குப் போன பெலேயின் பிரேசில் அணியும் கூப்பர் முறையில்தான் தயாரானது.

◆ ஒலிம்பிக் சுடரைக் கிரேக்கத்திலிருந்து ஓடிக் கொண்டுவரும் வழக்கம் பழங்காலத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது 1936 பெர்லின் ஒலிம்பிக்கில், ஹிட்லர் ஆட்சியில் தொடங்கியது. தீப்பந்தங்களைச் செய்து கொடுத்தது பீரங்கிகளுக்குப் பேர்போன க்ரூப் நிறுவனம். கிரேக்கம், பல்கேரியா, யூகோஸ்லாவியா, ஹங்கேரி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாக்கியா என்று சுடர் வந்த நாடுகள் ஒவ்வொன்றுக்குள்ளும் அடுத்த சில வருடங்களில் ஜெர்மன் படை நுழைந்தது.

◆ அதே பெர்லினில் மாரத்தான் ஜெயித்தவரின் பெயரைப் பதிவேட்டில் ‘சோன் கிடேய், ஜப்பான்’ என்று எழுதினார்கள். அவருடைய உண்மைப் பெயர் சோன் கீ-சுங். கொரியர். அவருடைய நாட்டை ஜப்பான் பிடித்து வைத்திருந்த காலம். இரண்டரை மணி நேரத்துக்குள் ஒலிம்பிக் மாரத்தானை ஓடி முடித்த முதல் ஆள். பரிசளிப்புப் படத்தைப் பாருங்கள்: தலையில் இலைக்கிரீடம், கையில் பரிசாகக் கொடுத்த ஓக் மரக்கன்று. அந்தக் கன்றை மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறார், சட்டையிலிருந்த ஜப்பானின் சூரியன் தெரியாதபடி. தலை குனிந்திருக்கிறது. வென்றவன் முகம் அல்ல அது. மூன்றாவதாக வந்த நாம் சுங்-யோங் என்பவரும் கொரியர்தான். சோன் பரிசு வாங்கும் படத்தில் சட்டையிலிருந்த கொடியை அழித்துவிட்டு வெளியிட்டது கொரியாவின் ‘டோங்கா இல்போ’ நாளிதழ். அதற்காகப் பத்திரிகையாளர்களைப் பிடித்துப்போனார்கள். பத்திரிகை மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது.

52 வருடம் கழித்து, 1988 சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் சுடரைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார் சோன். வயது 76. குழந்தைபோலத் துள்ளிக்கொண்டு ஓடினார். அன்று மார்போடு பிடித்திருந்த கன்று சியோலில் பெரிய மரமாக நிற்கிறது.

◆ உலகப் போர்களால் நடக்காமல் போன கோடைக்கால ஒலிம்பிக் மூன்று: 1916, 1940, 1944.

◆ 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குப் புது விளையாட்டுக் கிராமம் கட்டவில்லை. விமானப்படை முகாம்களிலும் கல்லூரிகளிலும் வீரர்களைத் தங்கவைத்தார்கள். ஊரே ரேஷனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கப்பல்துறைத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூடுதல் ரேஷன் அளவே வீரர்களுக்கும். ஜெர்மனியையும் ஜப்பானையும் அழைக்கவில்லை. அங்கேதான், சுதந்திரம் பெற்று ஒரு வருடம்கூட முடியாத இந்தியா, ஹாக்கி இறுதி ஆட்டத்தில் பிரிட்டனை 4-0 என்று வென்றது. ஆனால் என் மனம் போய் நிற்பது வேறிடத்தில். 1936இல் தியான் சந்தோடு சேர்ந்து இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த ஏ.ஐ.எஸ். தாரா, 1948இல் பாகிஸ்தான் அணியின் கேப்டன்.

◆ கரோலி டகாஸ், ஹங்கேரி ராணுவத்தின் குறிபார்த்துச் சுடும் வீரர். 1938இல் பயிற்சியின்போது கையெறிகுண்டு வெடித்து வலது கை சிதைந்தது. யாரிடமும் சொல்லாமல் இடது கையால் பழகினார். 1948லும் 1952லும் அந்த இடது கையால் தங்கம்.

◆ மூட்டை தூக்கி ஒலிம்பிக்குக்குத் தயாரானவரைத் தெரியுமா? செக்கோஸ்லோவாக்கியாவின் வேரா சாஸ்லாவ்ஸ்கா, ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் அவருடைய நாட்டுக்குள் புகுந்தன. சுதந்திரம் கேட்டு எழுதிய அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்ததால் மலைப்பகுதி ஒன்றில் ஒளிந்துகொள்ள வேண்டி வந்தது. அங்கே மரக்கிளையில் தொங்கி ஆடினார், உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கினார், உள்ளங்கை காய்த்துப்போகட்டும் என்று நிலக்கரி அள்ளினார். இரண்டே மாதத்தில் மெக்சிகோ: நான்கு தங்கம், இரண்டு வெள்ளி. மேடையில் சோவியத் கீதம் ஒலித்தபோது தலையைத் தாழ்த்தி வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஊர் திரும்பியபின் பல வருடம் அவரை ஒதுக்கியே வைத்தார்கள். 1989இல் ஆட்சி மாறிய பிறகுதான் அவருக்கு விடிந்தது.

◆ பாராலிம்பிக்ஸ் ஒரு மருத்துவமனைப் புல்வெளியில் பிறந்தது. லுட்விக் குட்மன், யூத மருத்துவர், நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்து போனவர். 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டு அடிபட்ட சிப்பாய்களுக்கான பிரிவு அவர் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் அப்படி அடிபட்டவர்களைப் படுக்கப்போட்டு, புண் பழுத்துச் சாகும்வரை பார்த்திருப்பார்கள். குட்மன் அவர்களை உட்காரவைத்தார், பந்து கொடுத்தார், வில் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள், சக்கர நாற்காலியில் 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். பன்னிரண்டே வருடத்தில், 1960இல், அது ரோமுக்குப் போய்விட்டது.

நம் நாட்டுக்கு முதல் பாராலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தவரும் போரில் அடிபட்டவரே. முரளிகாந்த் பேட்கர், மராட்டியர், ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 பாகிஸ்தான் போரில் உடம்பெல்லாம் குண்டு பாய்ந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம். பத்மஸ்ரீ எப்போது கொடுத்தோம்? 2018இல். எல்லையில் சண்டை வந்தால் சிப்பாயைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற நாம், சக்கர நாற்காலியில் உட்கார்ந்த அவர் தங்கம் வென்றபின்னும் 46 வருடம் திரும்பிப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு வலிக்கிறது. பேட்கர் தங்கம் வென்று 44 வருடம் கழித்து, 2016இல் ரியோவில் நம் சேலத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டித் தங்கம் வென்றார்.

◆ 1971 டிசம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டுக்கொண்டிருந்தபோது கவாஸ்கர், பேடி, இன்ஜினியர் மூவரும், ஜாகீர் அப்பாஸ், இன்டிகாப் ஆலம், ஆசிஃப் மசூத் மூவரும் ஆஸ்திரேலியாவில் ஒரே அணியில் இருந்தார்கள். கேரி சோபர்ஸ் தலைமையில் உலக அணி.

◆ 1996இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தபின், ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் உலகக்கோப்பை ஆட்டத்துக்கு அங்கே வர மறுத்தன. இந்தியா-பாகிஸ்தான் வீரர்கள் கலந்த ஒரே அணி கொழும்புக்குப் போய் இலங்கையோடு ஆடிவிட்டு வந்தது. அந்த முறை கோப்பை வென்ற இலங்கை அணியில் இருந்த ஒரே தமிழர் முத்தையா முரளிதரன்.

◆ சேப்பாக்கம், 1999 ஜனவரி 31. பாகிஸ்தான் வரக்கூடாது என்று டெல்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்த நேரம். இந்தியாவுக்கு 271 ரன் வேண்டும். 82 ரன்னுக்கு 5 விக்கெட். சச்சின் முதுகு வலியோடு 136 அடித்து, 17 ரன் மட்டும் மிச்சமிருக்கும்போது அவுட். அதன்பின் நாலே ரன்னில் எல்லாம் முடிந்தது. 12 ரன்னில் தோல்வி. மைதானத்தில் சில நொடி மூச்சு இல்லை. பிறகு கூட்டம் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கியது. வாசிம் அக்ரமின் ஆட்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள், கைதட்டல் கூடவே சுற்றியது. எங்கள் வீட்டில் டிவி முன்னால், கிரிக்கெட்டே பார்க்காத அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எழுந்ததைப் பார்த்து நானும் எழுந்தேன்.

நாலு மாதத்தில் கார்கில். ஜூன் 8ஆம் தேதி, மலையில் நம் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தபோது, மான்செஸ்டரில் உலகக்கோப்பையில் இரண்டு அணிகளும் மோதின. இந்தியா 47 ரன்னில் ஜெயித்தது. 2025 ஆசியக் கோப்பையில் இரண்டு அணியும் கைகுலுக்காமல் பிரிந்ததைப் பார்த்தேன். பஹல்காம் தாக்குதலில் கணவனை இழந்தவர்களின் முகமும் கண்முன் வந்தது. இரண்டையும் சேர்த்தே சுமக்கிறேன்.

◆ கைகுலுக்கல் என்றதும் உக்ரைனின் ஓல்கா கார்லானைச் சொல்லவேண்டும். 2023 மிலான் வாள்சண்டை உலகப் போட்டியில் ரஷ்யப் பெண்ணை 15-7 என்று வென்றார். கையை நீட்டவில்லை, வாள்முனையை நீட்டினார். விதியை மீறியதாகச் சொல்லி அவரைப் போட்டியிலிருந்தே நீக்கினார்கள். பின்பு அந்த விதியையே மாற்றினார்கள். கார்லான் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு வெண்கலமும், அணியோடு ஒரு தங்கமும் வாங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

◆ இன்னொரு உக்ரைன் பெண், யாரோஸ்லாவா மகுச்சிக், உயரம் தாண்டுபவர். 2022 மார்ச்சில் குண்டுவீச்சுக்கு நடுவே ஊரைவிட்டுக் கிளம்பி, மூன்று நாள் காரில் பயணம் செய்து பெல்கிரேடு போய்ச் சேர்ந்து தங்கம் வென்றார். 2024 ஜூலையில் 2.10 மீட்டர் தாண்டினார். 1987லிருந்து யாராலும் அசைக்க முடியாமலிருந்த 2.09 மீட்டர் சாதனை அன்றோடு போயிற்று. அடுத்த மாதம் ஒலிம்பிக் தங்கம். அந்த இறுதிப் போட்டியில் ஒவ்வொரு தாண்டலுக்கும் நடுவே மைதான ஓரத்தில் ஒரு தூக்கப்பையை விரித்து, அதற்குள் நுழைந்து கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார். சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேரின் சத்தம். பெயரைக் கூப்பிடும் நேரம் வரும்போது எழுந்தார், பையை ஓரமாகத் தள்ளினார், ஓடத் தொடங்கினார்.