பட்டனில் ஒரு கோலம்!

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் நானும் என் சிநேகிதியும் பதினோரு வருடம் பக்கத்து பக்கத்து மிஷினில் 'அப்பர்' (ஷூவின் மேல்பாகம்) தைத்தவர்கள். போன வருடம் மாரடைப்பில் அவள் போய் விட்டாள்.

கிழிந்த சட்டையைக் கரித்துணியாக்கும் முன், பட்டன்களை வெட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்ப்பது அவள் வழக்கம். "ஏண்டி, பட்டன் கடை வைக்கப் போறியா?" என்று கேலி செய்வேன்.

சமீபத்தில் அவள் மகளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். "அம்மா இல்லாத வளைகாப்பு எதுக்கு பெரியம்மா?" என்று அந்தப் பெண் அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

ஒரு புத்தகத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. கனடா, அலாஸ்கா கடலோரத்தில் வாழும் ஹைடா, டிலிங்கிட் பழங்குடியினர், கம்பளிப் போர்வையில் சிப்பி பட்டன்களைத் தைத்து, அண்டங்காக்கை, கழுகு போன்ற குலச்சின்னங்களை வரைவார்களாம். சடங்குகளில் அதைத் தோளில் போர்த்திக் கொள்வார்களாம். அவர்களின் 'பாட்லாட்ச்' விருந்துச் சடங்கை 1885 முதல் 1951 வரை கனடா அரசு தடை செய்திருந்தும், அந்த வழக்கம் அழியவில்லை.

சிநேகிதியின் நாலு நூல் புடவைகளை அடுக்கி, கைத்தையல் போட்டுப் போர்வையாக்கினேன். நடுவில், அவளுக்குப் பிடித்த கோலம்... 7 புள்ளி, ஊடு புள்ளி 4 வரை. புள்ளிக்கு பதில், அவள் பாட்டிலில் இருந்து 37 பட்டன்கள்! கூட வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து ஆளுக்கு இரண்டு, மூன்று தைத்தார்கள். கோடுகளை சிவப்பு நூலில் சங்கிலித் தையலாகப் போட்டோம்.

விழாவன்று உறவுக்கார அம்மா ஒருவர், "செத்தவ புடவையை சுப காரியத்துல போத்தலாமா?" என்று தடுத்தார். எனக்குக் கை நடுங்கி விட்டது.

பெண்ணின் மாமியார்தான், "பொறக்கிற குழந்தையை ஆயாவோட பழைய புடவையிலதானே சுத்தறோம்? தூளி கட்டறதும் அதுலதானே? இது மட்டும் ஆகாதா?" என்று கேட்டு, தானே எடுத்து மருமகள் தோளில் போர்த்தினார்.

அந்தப் பெண் போர்வையை மடியில் இழுத்துப் போட்டு, பட்டன்களைத் தடவினாள். "இது அப்பா சட்டை... இது என் ஸ்கூல் யூனிபார்ம்..." என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னாள். தடுத்த அம்மாவே கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

தோழியரே, மறைந்தவர்களின் புடவைகளை மூட்டை கட்டிப் போடும் முன், கொஞ்சம் யோசியுங்கள். ஒன்று மட்டும் கவனம்... குழந்தை பட்டனைப் பிய்த்து வாயில் போட்டுக் கொள்ளும். அதனால், இந்தப் போர்வை தாய்க்கு மட்டும்தான். பேரப்பிள்ளைக்கு, ஆயாவின் இன்னொரு புடவையில் தூளி தயாராக இருக்கிறது!

- ஒரு வாசகி, ஆம்பூர்.