ஏழாம் நம்பர் ரயிலில் குயின்ஸ்

நியூயார்க் நகருக்குள் இருக்கும் ஜேஎஃப்கே, லகார்டியா விமான நிலையங்கள் இரண்டுமே குயின்ஸில்தான் இருக்கின்றன. ஆனாலும் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இறங்கிய கையோடு மன்ஹாட்டனுக்கு ஓடிவிடுகிறார்கள். நகரின் ஐந்து பரோக்களில், அதாவது நிர்வாகப் பிரிவுகளில், பரப்பில் பெரியது குயின்ஸ். சுமார் 24 லட்சம் பேர் வாழும் இடம். கார் இல்லாமல் இதைப் பார்த்துவிட முடியுமா என்றால், கார் இல்லாமல் பார்ப்பதே வசதி.

இங்கே பார்க்க வேண்டியவற்றில் பல, ஊதா நிற வட்டத்துக்குள் 7 என்று எழுதியிருக்கும் சுரங்க ரயிலின் தடத்தை ஒட்டியே இருக்கின்றன. இது தற்செயல் அல்ல. 1915இல் மன்ஹாட்டனிலிருந்து ஆற்றுக்கு அடியில் இந்த ரயில் வந்தபோது, பழைய ஊரான ஃப்ளஷிங்குக்கும் ஆற்றுக்கும் நடுவே பெரும்பாலும் வயலும் சதுப்பும்தான். 1917இல் கொரோனா வரை தடம் நீண்டது. அடுக்குமாடி வீடுகள் பின்னாலேயே முளைத்தன. 1928இல் ரயில் ஃப்ளஷிங்கைத் தொட்டது. 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு ஆசியாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் இந்தத் தடத்தோரமே வீடு பிடித்தார்கள்.

சுரங்க ரயில் என்று பெயரே தவிர, குயின்ஸில் இது பெரும்பாலும் தலைக்கு மேலே, இரும்புத் தூண்களில் ஓடுகிறது. கோர்ட் ஸ்கொயர் நிலையத்துக்கு ஏறும்போது மன்ஹாட்டன் கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். அந்தக் காட்சிக்கு மன்ஹாட்டனில் தனியாகப் பணம் கேட்பார்கள்.

ஒரு முறை ஏற 3 டாலர். எவ்வளவு தூரம் போனாலும் அதே கட்டணம். பழைய பயண அட்டையான மெட்ரோகார்டின் விற்பனை 2025 இறுதியோடு முடிந்துவிட்டது. வங்கி அட்டையையோ கைப்பேசியையோ வாயிலில் காட்டினால் போதும். இரண்டு மணி நேரத்துக்குள் ரயிலிலிருந்து பேருந்துக்கு மாறினால் மறுபடி கட்டணம் இல்லை. அதற்கு முதலில் காட்டிய அட்டையையே காட்ட வேண்டும்.

கவனிக்க வேண்டியது வண்டியின் வகையை. வட்டத்துக்குள் 7 என்றால் எல்லா நிலையங்களிலும் நிற்கும். வைரக் கட்டத்துக்குள் 7 என்றால் விரைவு வண்டி. வாரநாள் காலையில் மன்ஹாட்டனை நோக்கியும் பிற்பகலுக்கு மேல் ஃப்ளஷிங்கை நோக்கியும் ஓடும். அவசரப்பட்டு அதில் ஏறினால் 74ஆம் தெரு, 103ஆம் தெரு, 111ஆம் தெரு எதிலும் நிற்காது. நாம் இறங்க வேண்டிய நிலையங்களே அவை. 74ஆம் தெருவில் இறங்கினால் ஜாக்சன் ஹைட்ஸின் புடவைக் கடைகளும் தெற்காசியக் கடைத்தெருவும். 103ஆம் தெருவிலிருந்து சற்று நடந்தால், ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் 1943 முதல் 1971இல் இறக்கும்வரை வாழ்ந்த எளிய வீடு, இப்போது அருங்காட்சியகம். 111ஆம் தெருவில் அறிவியல் கூடம்.

மெட்ஸ்-வில்லட்ஸ் பாயின்ட் நிலையத்தின் ஒரு பக்கம் பேஸ்பால் அரங்கம், மறுபக்கம் அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் நடக்கும் இடம். அதைத் தாண்டினால் ஃப்ளஷிங் மெடோஸ் பூங்கா. 1964 உலகக் கண்காட்சிக்காக நிறுவிய 140 அடி உயர எஃகு உலக உருண்டை முன்னால் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் அருகிலுள்ள குயின்ஸ் அருங்காட்சியகத்துக்குள் போகாமல் திரும்பக் கூடாது. நியூயார்க் நகரம் முழுவதும், ஏறத்தாழ 8,95,000 கட்டடங்களோடு, ஒரே கூடத்தில் மாதிரியாகக் கிடக்கிறது. 1946 முதல் 1950 வரை ஐ.நா. பொதுச்சபை கூடியதும் இந்தக் கட்டடத்தில்தான். பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானம் 1947இல் நிறைவேறியது இங்கேதான்.

கடைசி நிலையம் ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட். ஏறி வந்தால் சீன எழுத்துப் பலகைகள், ஆவி பறக்கும் கடைகள், நெருக்கியடிக்கும் கூட்டம். இங்கிருந்து பௌன் தெருவுக்கு நடந்துவிடலாம். டச்சு ஆட்சிக் காலத்தில் குவேக்கர் கிறிஸ்தவர்களுக்குத் தடை இருந்தபோது, தன் வீட்டில் அவர்கள் கூட இடம் கொடுத்ததற்காக ஜான் பௌன் 1662இல் கைதாகி நாடுகடத்தப்பட்டார். முறையிட்டு வென்று ஊர் திரும்பினார். அந்த வீடு இன்னும் நிற்கிறது. அதே தெருவில் தெற்கே நடந்தால், 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்கு நடந்த மகா வல்லப கணபதி கோயில். இதை எழுப்ப முன்னின்றவர் ஐ.நா. அதிகாரியாக இருந்த செட்டிநாட்டுக்காரர் அழகப்பா அழகப்பன். கீழ்த்தளத்து உணவகத்தின் தோசைக்காகவே ரயிலேறி வருகிறவர்கள் இருக்கிறார்கள், வந்தால் தப்பில்லை.

திரும்பும்போது ஃப்ளஷிங்கிலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். அடுத்த நிலையத்தில் ஏற நினைத்தால் மட்டும், ஆட்டம் முடியும் நேரம் எதுவென்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அரங்கமே திரண்டு நடைமேடைக்கு வரும். வாரக்கடைசியில் பராமரிப்புக்காகச் சில பகுதிகளில் ரயிலை நிறுத்திவிட்டுப் பேருந்து விடுவதும் உண்டு.