தட்டினால் நிற்கும் சண்டை

கிரிக்கெட், உதைபந்தாட்டம் பற்றி வானொலியில் பேசும்போது வராத கேள்வி, எம்.எம்.ஏ. என்று வாய் திறந்ததும் வந்துவிடுகிறது. "சண்டையிலிருந்து உயிர் தப்பி வந்த நாங்கள், காசு கொடுத்துச் சண்டை பார்ப்பதா?" நியாயமான கேள்விதான். 2023ஆம் ஆண்டு வட கிரீனிச்சிலுள்ள ஓ-2 அரங்கில் நடந்த போட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்த மூன்றை வைத்து அதற்கு விளக்கம் தர விரும்புகிறேன்.

எம்.எம்.ஏ. என்பது குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, பிரேசிலிய ஜியு-ஜிட்சு எல்லாம் கலந்த போட்டி. யு.எஃப்.சி. என்ற அமெரிக்க நிறுவனம் 1993இல் இதைத் தொடங்கியபோது விதிகள் மிகக் குறைவு. 2000ஆம் ஆண்டளவில்தான் பொதுவான விதிகள் வகுக்கப்பட்டன. 2002இல் லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் யு.எஃப்.சி.யின் முதலாவது பிரித்தானியப் போட்டி நடந்தது. ஒரு சுற்று 5 நிமிடம். வழமையான போட்டிக்கு 3 சுற்றுகள், பட்டப் போட்டிக்கு 5. கண்ணைத் தோண்டுவதும் தலையால் முட்டுவதும் தடை. ஒருவர் கையால் தட்டித் தோல்வியை ஏற்கலாம். மத்தியஸ்தரோ வைத்தியரோ நிறுத்தலாம். இல்லாவிட்டால் நேரம் முடிந்ததும் மூன்று நடுவர்கள் புள்ளி கூட்டுவார்கள்.

முதலாவது, மார்ச் 18இல் நடந்த பட்டப் போட்டி. லியோன் எட்வேர்ட்ஸ் ஜமேக்காவில் பிறந்து, சிறுவனாகப் பேர்மிங்ஹாம் வந்தவர். 13 வயதில் தந்தையைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்தார். தெருக் கும்பல்களோடு திரிந்த மகனைப் பயிற்சிக்கூடத்துக்கு அனுப்பியவர் தாய். எதிரே, நைஜீரியாவில் பிறந்த கமரு உஸ்மன். 2022 ஓகஸ்டில், கடைசிச் சுற்று முடிய ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில், தலையில் விழுந்த ஓர் உதையால் உஸ்மனிடமிருந்து பட்டத்தைப் பறித்திருந்தார் எட்வேர்ட்ஸ். லண்டனில் அதைக் காக்க வந்தார்.

சுற்றை வென்றவருக்கு 10 புள்ளி, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. மூன்றாம் சுற்றில் எட்வேர்ட்ஸ் கம்பிவலையைப் பிடித்ததால் மத்தியஸ்தர் ஒரு புள்ளி கழித்தார். இரு நடுவர்கள் 48-46 என்றும், ஒருவர் 47-47 என்றும் கொடுக்க, எட்வேர்ட்ஸ் வென்றார். கணக்காளனான எனக்கு இந்தக் கழித்தல் மிகவும் பிடித்தது. நான்கு சுற்று வென்றால் 49-46. ஒன்று கழிய 48-46. மூன்று வென்றால் 48-47. ஒன்று கழிய 47-47. அரங்கம் நிறைய அவருடைய ஆட்கள். இருந்தும் தவறுக்குத் தண்டம் விழுந்தது.

இரண்டாவது, ஜூலை 22. மிகப் பெரிய எடைப் பிரிவில் ஆடும் ரொம் அஸ்பினல், 2022 ஜூலையில் இதே அரங்கில் 15 வினாடிகளில் முழங்கால் பிசகித் தோற்றவர். ஒரு வருடம் கழித்து வந்து, போலந்தின் மார்சின் திபுராவை 73 வினாடிகளில் வென்றார். விழுந்தவர் தன்னைக் காக்க முடியாத நிலைக்கு வந்ததும் மத்தியஸ்தர் குறுக்கே புகுந்தார். ஒரு மனிதன் விழுந்து கிடக்கும்போது தலையிடுவதையே வேலையாகக் கொண்ட ஒருவர் பக்கத்தில் நிற்கிறார் என்பதை, எம்மவர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது.

மூன்றாவதும் மார்ச் 18இல்தான். முஹம்மட் மொகாயேவ் ரஷ்யாவின் டாகெஸ்தானிலிருந்து 12 வயதில் தந்தையோடு அகதியாக வந்து, விகன் நகரில் வளர்ந்தவர். அன்று அவருக்கு வயது 22. கடைசிச் சுற்றில் பிரேசிலின் ஜபெல் ஃபில்யோ அவருடைய முழங்காலைப் பூட்டி வளைத்தார். பார்த்தவர்களுக்கே கால் கூசியது. மொகாயேவ் தட்டவில்லை. எப்படியோ காலை விடுவித்து, சுற்று முடிய அரை நிமிடம் இருக்கையில் பின்னாலிருந்து கழுத்தை இறுக்கினார். ஃபில்யோ தட்டினார்.

இந்தப் போட்டியில் எமது இளைஞர்கள் மொகாயேவைத்தான் புகழ்வார்கள். புறமுதுகு காட்டாமையே வீரம் என்று கேட்டு வளர்ந்த சமூகம் அல்லவா நாங்கள்? நானும் எழுந்து நின்று கைதட்டினேன். ஆனால் அன்று சரியான நேரத்தில் சரியான முடிவெடுத்தவர் ஃபில்யோ என்பதே என் கருத்து. தட்டிய அந்தக் கணமே எதிரியின் பிடி தளர்ந்தது. "போதும்" என்றால் நிற்கும் சண்டை இது. நாங்கள் விட்டு ஓடிவந்த சண்டை அப்படி நிற்கவில்லை.

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். தலையில் திரும்பத் திரும்ப அடி விழுவது மூளைக்குக் கேடு. ஆகவே பெற்றோர்களே, பிள்ளை இதைப் பழக ஆசைப்பட்டால், பயிற்சிக்கூடத்துக்கு நீங்களும் ஒருமுறை போங்கள். எப்போது தட்டவேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்களா, தலையில் அடிபட்டால் எத்தனை நாள் ஓய்வு கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில் சேர்க்காதீர்கள்.