காட்டாமணக்கும் தில்லையும்: நச்சுத் தாவரங்களை இனங்காணும் வழிகள்

மும்பை மாநகரின் கிழக்கு ஓரத்தில், டிராம்பேப் பகுதியில், தாணே கழிமுகத்தை அடுத்து அமைந்துள்ளது சீத்தா கேம்ப். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், ஜனதா காலனியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏறத்தாழ 70,000 மக்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். அவர்களில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமானவை. சதுப்பாகக் கிடந்த நிலம் இன்று நெருக்கமான குடியிருப்பாகிவிட்டது. ஆயினும், ஒருபுறம் அலையாத்திக் காடும் மறுபுறம் சாலையோரத் தரிசும் இன்னும் எட்டும் தூரத்திலேயே உள்ளன. விளையாட இடமற்ற குழந்தைகள் செல்லக்கூடிய இடங்களும் அவையே.

கிராமத்தில் வளரும் குழந்தை, எந்தக் காயைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதைப் பெரியவர்களிடமிருந்து கேட்டே தெரிந்துகொள்கிறது. நகரத்திற்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் இரண்டாம் தலைமுறையிலேயே இந்த அறிவு தேய்ந்துவிடுகிறது. செடி இருக்கிறது, அதன் பெயர் மறைந்துவிடுகிறது. வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், கடைவீதியில் மராத்தியும் கேட்டு வளரும் குழந்தைக்கு ஒரே செடி மூன்று பெயர்களில் அறிமுகமாகலாம்; ஒரு பெயரிலும் அறிமுகமாகாமலும் போகலாம்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு காட்டாமணக்கு. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடியை ஆடு மாடுகள் மேய்வதில்லை. ஆகவே வேலிப்பயிராக நாடெங்கும் பரவியது. இதன் விதை எண்ணெயிலிருந்து டீசலுக்கு மாற்று எரிபொருள் தயாரிக்கலாம் என்ற நோக்கில், 2003ஆம் ஆண்டில் திட்டக் குழுவின் குழு ஒன்று விரிவான பரிந்துரைகளை அளித்தது. 1 கோடியே 34 லட்சம் ஹெக்டேரில் இதைப் பயிரிடலாம் என மதிப்பிடப்பட்டது. தரிசு நிலங்களிலும் ரயில் பாதையோரங்களிலும் கன்றுகள் நடப்பட்டன. எதிர்பார்த்த விளைச்சல் கிட்டாததால் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன, செடிகளோ நின்றுவிட்டன. எண்ணெயைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அதன் நஞ்சைப் பற்றி மக்களிடம் பேசப்படவில்லை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். இதன் விதைகளைத் தின்ற பள்ளிக் குழந்தைகள் கூட்டமாக மருத்துவமனையில் சேர்க்கப்படும் செய்திகள் தமிழ்நாட்டிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் திரும்பத் திரும்ப வருகின்றன.

குழந்தைகள் ஏன் இதை உண்கின்றனர்? விதையின் பருப்பு கசப்பதில்லை. நிலக்கடலையைப் போல இனிக்கிறது. ஒரு குழந்தை தின்று பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னால் மற்றவையும் தின்கின்றன. நஞ்சு கசக்கும் என்ற பொதுவான நம்பிக்கை இங்கு முற்றிலும் பொய்த்துப்போகிறது. சில மணி நேரத்திற்குள் வயிற்றுவலியும் தொடர் வாந்தியும் பேதியும் தோன்றும். உடலின் நீர் வற்றுவதே பெரிய ஆபத்து. காலத்தே சிகிச்சை பெறும் குழந்தைகள் பெரும்பாலும் தேறிவிடுகின்றனர்.

பெயரை மட்டும் நம்புவதும் போதாது. வட இந்தியாவில் காட்டாமணக்கை ‘ரத்தன்ஜோத்’ என்பர். சமையலுக்குச் சிவப்பு நிறமூட்டும் ஒரு வேருக்கும் அதே பெயர்தான். தமிழிலும் குழப்பம் உண்டு. ‘நெய்வேலிக் காட்டாமணக்கு’ எனப்படுவது நீரோரங்களில் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்களுடன் வளரும் வேறொரு செடி. எங்கு வெட்டினாலும் தழைப்பதால் இந்தியில் அதை வெட்கமற்றது என்ற பொருளில் ‘பேஷரம்’ என்கின்றனர். தொடர்ந்து மேயும் ஆடுகளுக்கு நரம்பு நோய் தருவது அது.

எனவே உறுப்புகளைக் கொண்டே செடியை அறிய வேண்டும். ஆமணக்கின் இலை, விரித்த கை போல ஆழமாகப் பிளந்து, ஓரத்தில் பற்களுடன் இருக்கும். காயில் மென்முட்கள் உண்டு. விதை பளபளப்பாகப் புள்ளிகளுடன் காணப்படும். காட்டாமணக்கின் இலையில் மூன்று முதல் ஐந்து மேலோட்டமான மடல்களே உண்டு. காய் முள்ளின்றி வழவழப்பாக, பச்சையிலிருந்து மஞ்சளாகிப் பின் கறுத்து உலரும். உள்ளே பெரும்பாலும் மூன்று கறுப்பு விதைகள் இருக்கும். இரண்டுமே நஞ்சு. மென்று தின்ற ஆமணக்கு விதை இவ்விரண்டில் கொடியது. குன்றிமணியும் அத்தகையதே: கடின ஓடு உடையாத வரை தீங்கு குறைவு, மென்றாலோ மாலைக்காகத் துளையிடப்பட்டிருந்தாலோ உயிருக்கே ஆபத்து. ஊமத்தையை எக்காள வடிவப் பூவும் முட்காயும் காட்டிக்கொடுக்கும். அதை உண்டவருக்கு வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, பிதற்றல் ஏற்படும்.

கழிமுகப் பக்கம் கவனிக்க வேண்டியது தில்லை மரம். சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரைத் தந்த இம்மரம் அருகிலுள்ள பிச்சாவரத்தில் இன்றும் காணப்படுகிறது. மும்பைக் கடற்கரைச் சதுப்புகளிலும் உண்டு. இதன் பால் கண்ணில் பட்டால் பார்வை தற்காலிகமாகவோ நிலையாகவோ பறிபோகலாம். விறகாக எரித்தால் புகையும் கண்ணை வருத்தும். மும்பைச் சதுப்புகளில் மிகுதியாக உள்ள வெண்கண்டலின் இலை அடிப்புறம் வெளிறியிருக்கும். மரத்தைச் சுற்றிப் பென்சில் போன்ற மூச்சு வேர்கள் நிமிர்ந்து நிற்கும். இலையைக் கிள்ளினால் பால் வராது. தில்லையில் அத்தகைய வேர்கள் இல்லை. முதிர்ந்த இலை சிவந்து உதிரும். கிள்ளிய இடத்தில் வெண்பால் கசியும். இந்தப் பால் சோதனையைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கலாகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்குச் சிவந்த இலையே போதுமான அடையாளம்.

நச்சு விதையை உண்டவருக்கு உப்புக்கரைசல் கொடுத்தோ, தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைப்பது தவறு. அது மூச்சுக்குழலில் புகுந்து வேறு கேடு விளைவிக்கும். கண்ணில் பால் பட்டால் தேய்க்காமல், தூய நீரை ஊற்றிக் குறைந்தது கால் மணி நேரம் கழுவ வேண்டும். அறிகுறி தோன்றும் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆமணக்கு, குன்றிமணி ஆகியவற்றின் நஞ்சு தன்னைக் காட்டப் பல மணி நேரம் ஆகலாம். தின்றது போக எஞ்சிய விதையையோ, காயுடன் கூடிய கிளையையோ உடன் எடுத்துச் செல்வது மருத்துவருக்குப் பேருதவி. புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தேசிய நச்சுத் தகவல் மையம் நாள் முழுவதும் தொலைபேசியில் ஆலோசனை வழங்குகிறது.

காட்டாமணக்குக் காய்கள் மழைக்காலம் முடியும் தறுவாயில் முற்றத் தொடங்குகின்றன. பள்ளிகளும் வார்டு அலுவலகங்களும் செடியின் இலை, காய், விதை ஆகியவற்றின் படத்தைத் தமிழ், இந்தி, உருது, மராத்திப் பெயர்களுடன் ஆகஸ்டு மாதத்திலேயே சுவரில் மாட்டிவிடலாம். பள்ளி வளாகத்திலும் அங்கன்வாடியைச் சுற்றியும் நிற்கும் செடிகளைக் காய்க்கும் முன்னரே வேரோடு அகற்றிவிடுவது அதைவிட எளிது.