காருக்குறிச்சியாரின் தனிவழி

பேராசான் ஒருவரின் நிழலில் வளர்ந்த மாணவன், தனக்கென ஒரு வழியைக் காண்பது எங்ஙனம்? கலை பயில்வோர் அனைவரும் ஒருநாள் எதிர்கொள்ளும் வினா இது. இதற்கு விடையாக, எங்கள் கரிசல் சீமையில் வாழ்ந்து மறைந்த நாகசுரக் கலைஞர் காருக்குறிச்சி அருணாசலத்தின் வாழ்வை எடுத்துக்கூற விரும்புகிறேன்.

அருணாசலம் 1921-ஆம் ஆண்டில், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த காருக்குறிச்சியில் பிறந்தார். அது தாமிரபரணி வளம்படுத்தும் நெல்வயல் நாடு. பின்னாளில் அவர் குடியேறிய கோவில்பட்டியோ, பருத்தி விளையும் வானம் பார்த்த பூமி.

நாகசுரம் எளிதில் வசப்படும் கருவியன்று. ஆச்சாமரத்தைக் கடைந்து செய்த நீண்ட குழல். அதன் வாயில் நாணலாலாகிய சீவாளி. விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள். வீணையில் சுரத்தின் இடத்தைக் காட்ட மெட்டுகள் உண்டு. இதில் அத்தகைய துணை இல்லை. துளையை முழுதும் மூடுவதா, பாதி மூடுவதா, மூச்சை எவ்வளவு செலுத்துவது, சீவாளியை உதட்டால் எவ்வளவு அழுத்துவது என்பவற்றாலேயே கமகங்கள் பிறக்கின்றன. ஏட்டைப் படித்து இதனைக் கற்றல் இயலாது. ஆசானின் அருகிருந்து கேட்டே கற்றல் வேண்டும்.

அருணாசலத்திற்கு அவ்வாறு வாய்த்த ஆசான் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை ஆவார். நாகசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்ற அவரோடு இரண்டாம் நாகசுரமாக அமர்ந்து வாசித்தார் அருணாசலம். முன்னவர் விட்ட இடத்தில் தொடுத்து, அவர் எடுக்கும் இடத்தில் அடங்க வேண்டிய பணி அது. செவியும் அடக்கமும் ஒருங்கே வளர்வதற்கு அதனினும் சிறந்த பள்ளி இல்லை. ஆயினும் அதில் ஓர் இடரும் உண்டு: சீடன் ஆசானின் எதிரொலியாகவே நின்றுவிடக்கூடும்.

அருணாசலம் எதிரொலியாக நின்றுவிடவில்லை. ஆசானின் வாசிப்பில் கரைபுரளும் வெள்ளத்தின் கம்பீரத்தைக் கேட்கிறோம். சீடரின் வாசிப்பிலோ குழைவும் தெளிவும் மேலோங்கக் காண்கிறேன். இராக இலக்கணம் அறியாத உழவரும் நின்று கேட்கும் இனிமை அது. 1956-இல் இராஜரத்தினம் பிள்ளை மறைந்தபோது அருணாசலத்திற்கு வயது 35. 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில், எஸ். ஜானகியின் குரலும் இவருடைய நாகசுரமும் ஆபேரி இராகத்தில் இணைந்தன. கோயில் வீதியிலும் மணப்பந்தலிலும் ஒலித்த இசை, அப்பாடலால் பட்டிதொட்டி எங்கும் பரவிற்று.

1964-இல், தம் 43-ஆம் வயதிலேயே அருணாசலம் காலமானார். எங்கள் கழுகுமலையில் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்த வெட்டுவான் கோயிலும் முற்றுப்பெறாததே. எனினும், முடிந்தமட்டும் அமைந்த அழகே அதன் பெருமைக்குப் போதிய சான்றாக நிற்கிறது. அருணாசலத்தின் கலையும் அத்தகையதே.

மாணவர்களே, ஆசான், சீடர் இருவருடைய ஒலிப்பதிவுகளும் இன்று கிடைக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். சீடர் பெற்றுக்கொண்டது எது, தாமே சேர்த்தது எது என ஆராயுங்கள். ஆசானை முழுமையாகக் கற்றவனுக்கே தனிவழி திறக்கும் என்பது அப்போது உங்களுக்கே புலனாகும்.