காயத்துக்குப் பசை

லேத்துப் பட்டறையில் விரல் கிழிந்தால் சிலர் முதலுதவிப் பெட்டியைத் தேடுவதில்லை. பெவிக்விக் மாதிரி பசையில் ஒரு சொட்டு விட்டு, அழுத்திப் பிடித்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். முரட்டு வைத்தியம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் சிறு காயங்களுக்குத் தையலுக்குப் பதிலாகப் போடும் பசையும் இதே குடும்பம்: சயனோஅக்ரிலேட்.

1942இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கியின் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்த பொருள் இது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் ஒதுக்கிவிட்டார்கள். 1951இல் ஒளிவிலகலை அளக்கும் விலை உயர்ந்த கருவியின் பட்டகங்களை அது பிரிக்கமுடியாமல் ஒட்டிவிட்டது. அப்போதுதான் அதன் அருமை தெரிந்தது. 1958இல் பசையாக விற்பனைக்கு வந்தது. வியட்நாம் போரில் ரத்தப்போக்கை நிறுத்தக் காயங்களின் மேல் தெளித்தார்கள்.

இந்தப் பசை காற்றில் உலர்வதில்லை. ஈரம் பட்டதும் தனித்தனி மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. தோலில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் விரல்தான் முதலில் ஒட்டும். கோக்கும்போது சூடும் பிறக்கும். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ கொட்டினால் தோலைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும்.

கடைப் பசைக்கும் மருத்துவப் பசைக்கும் உள்ள வித்தியாசம் மூலக்கூறின் வாலில் இருக்கிறது. கடைப் பசையில் பெரும்பாலும் எத்தில், அதாவது இரண்டு கார்பன் வால். மருத்துவப் பசையில் பியூட்டைலுக்கு நான்கு, ஆக்டைலுக்கு எட்டு. வால் குட்டையானால் பசை சீக்கிரம் சிதைந்து, ஃபார்மால்டிஹைடை உமிழ்ந்து சதையைப் புண்ணாக்கும். விரல் மடக்கும் இடத்தில் விரிசலும் விடும். ஆக்டைல் வளைந்துகொடுக்கும், கிருமி நீக்கப்பட்டும் வருகிறது. 1998இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்தது.

என் கணக்கில் பட்டறைக்காரர்களின் பெரிய தவறு பசையைவிட அதைப் போடும் இடம். மருத்துவர் காயத்தைக் கழுவி, விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, மேல்தோலில் மட்டும் பூசுவார். ஐந்து முதல் பத்து நாளில் அது தானே உதிரும். காயத்துக்குள் போன பசையோ, சதைக்கு நடுவே நின்று சேரவிடாது. கழுவாமல் ஒட்டினால் கட்டிங் ஆயிலும் இரும்புத் தூளும் உள்ளேயே சிறைப்படும்.

ஆழமாகப் பிளந்த வெட்டு, அழுத்தியும் நிற்காத ரத்தம், மரத்துப்போன விரல்நுனி என்றால் நேராக ஆஸ்பத்திரிதான்; டெட்டனஸ் ஊசி பாக்கியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெறுமனே விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்கவேண்டாம். சோப்புக் கலந்த வெந்நீரில், கை தாங்கும் சூட்டில், ஊறவிட்டு மெல்ல உருட்டிப் பிரிக்கலாம். புண் இல்லாத தோலானால் நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோனும் உதவும்.